ஸ்டிக்கர்காரர் வேலையை விட்ட மாசம்

பேத்தி பொறந்த அன்னிக்கு நர்ஸ் குழந்தையை வெள்ளைத் துணியில சுத்தி எடுத்துட்டு வந்து தாத்தா கையில குடுத்தாங்க. சுத்தி நின்ன எல்லாரும் மூக்கு யாரு மாதிரி, நெத்தி யாரு மாதிரின்னு பார்த்துட்டு இருந்தாங்க. தாத்தா மட்டும் துணியைப் பார்த்துட்டு இருந்தாரு. ஓரத்தை மடிச்சு உள்ள சொருகின எடம், தோள்கிட்ட திரும்புற வளைவு, எங்கயும் ஒரு சுருக்கம் இல்ல. காத்து நிக்கிற எடம் இல்ல.

"நல்லா ஒட்டியிருக்கீங்க சிஸ்டர்"னாரு.

அவரு பொண்டாட்டி தலையில அடிச்சுக்கிட்டாங்க. "புள்ள கண்ணே தொறக்கல. அதுக்குள்ள வண்டியாக்கிட்டாரு மனுஷன்."

அன்னையிலேர்ந்து அந்த வீட்டுல குழந்தைக்குப் பொட்டலம்னு பேரு. வெக்க வேண்டிய பேரை அப்புறம் வெச்சாங்க, ஆனா கூப்பிடறது என்னவோ பொட்டலம்தான்.

ஸ்டிக்கர்காரர்னு சொன்னாத்தான் தெருவுல அவரைத் தெரியும். ஆனா சோறு போட்டது ஸ்டிக்கர் இல்ல. ஒரு பைப் கம்பெனி குடோன்ல ஸ்டோர் பார்க்கிற வேலை. எந்தப் பைப் எந்த அடுக்குல கெடக்கு, எந்த லாரியில எதை ஏத்தணும், அதான் பொழப்பு. மக தவழறப்போ சேர்ந்தது. விடிஞ்சும் விடியாம கெளம்பினாருன்னா பொழுது சாஞ்சுதான் வீடு. மகளுக்குப் பல்லு முளைச்சது, எழுந்து நின்னது, 'அப்பா'ன்னு முதல்ல சொன்னது, எல்லாமே இவருக்கு ராத்திரி சோத்தோட சேர்த்துப் பரிமாறின செய்திதான். அதைப் பத்தி அவரு கொறை சொன்னதும் இல்ல. எல்லா வீட்லயும் அப்படித்தானே.

ஸ்டிக்கர் வந்த கதை வேற. ஒருநாள் கம்பெனி வேன் மேல பேரு ஒட்ட ஒரு ஆளு வந்தான். பாதிப் பேரை ஒட்டிட்டுச் சாப்பிடப் போனவன் போனவன்தான். வேன் வெளிய போகணும். மேனேஜர் கத்துறாரு. இவரு மிச்சத்தை எடுத்து, கீழ குனிஞ்சு, மூச்சைப் புடிச்சுக்கிட்டு ஒட்டிட்டாரு. முதல் மழையில அந்த ஆளு ஒட்டின பாதி நாக்கைத் தொங்கப் போட்டுடுச்சு. இவரு ஒட்டின பாதி அப்படியே நின்னுச்சு. ரொம்ப நாளு அந்த வேன் பாதிப் பேரோடவே ஊரைச் சுத்துச்சு.

அதுக்கப்புறம் தெருவுல இருந்த டாக்ஸிக்காரர் கேட்டாரு, டிரைவிங் ஸ்கூல்காரர் கேட்டாரு, தண்ணி கேன் போடறவர் கேட்டாரு. வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஷெட் இருந்துச்சு. சாயங்காலமும் ஞாயித்துக்கிழமையும் அங்கதான் கெடப்பாரு. வெறும் பேரு ஒட்டறதுல ஆரம்பிச்சு, முழு வண்டியையே மூடற வரைக்கும் வந்துட்டாரு. பெயிண்ட் அடிக்கறது கெடையாது. பெரிய ரோலா வர்ற ஃபிலிமை வெட்டி, பின்னாடி பேப்பரை உரிச்சு, பானட்டு மேல போர்வை மாதிரி விரிச்சு, ஹீட் கன்னால சூடு காட்டி இழுத்து, பிளாஸ்டிக் தகட்டால நடுவுலேர்ந்து ஓரத்துக்குத் தள்ளிட்டே வரணும். கடைசியில ஓரத்தை இடுக்குக்குள்ள மடிச்சு அழுத்தணும். சேப்பு வண்டி நீலமாயிடும். வேணாம்னா உரிச்சா மறுபடி சேப்பு.

கூட மாட ஒத்தாசைக்கு அவரு பொண்டாட்டியோட தம்பி. மச்சானுக்குன்னு ஒரு வேலை கெடையாது, ஆனா எல்லா வேலையிலயும் இருப்பாரு. ஃபிலிமோட ஒரு நுனியைப் புடிக்கறது, விளக்கைத் திருப்பறது, நொறுக்குத் தீனி தின்னுட்டே குத்தம் சொல்றது, இதெல்லாம் அவரு டிப்பார்ட்மெண்ட். ஓரத்தை மட்டும் ஸ்டிக்கர்காரர் யாரையும் தொட விடமாட்டாரு. கட்டைவிரலால அவரேதான் அழுத்துவாரு. அதுவும் வெறுங்கையால.

"எல்லாரும் கையுறை போட்டுட்டுத்தான் பண்றாங்க மாமா"ம்பாரு மச்சான்.

"கையுறை போட்டா காதுல பஞ்சு வெச்ச மாதிரி இருக்கு மச்சான். எங்க காத்து நிக்குது, எங்க புடிக்குதுன்னு ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

இப்படி வருஷக்கணக்கா நடந்துச்சு. ஒட்டினது ஒண்ணு கூடத் திரும்பி வரல.

பொட்டலம் பொறந்து வீட்டுக்கு வந்த சமயத்துலதான் லாண்டரிக்காரம்மா வந்தாங்க. ஆஸ்பத்திரி, ஹோட்டல்னு மொத்தமா துணி எடுத்து வெளுத்துத் தர்றவங்க. வரிசையா வேன் ஓடுது. தண்ணி கேன் வண்டியைப் பார்த்துட்டு விசாரிச்சு வந்திருக்காங்க.

"முதல்ல ஒரு வேன் பண்ணுங்க அண்ணே. எங்க வண்டியைத் தெனம் பீச்சியடிச்சுக் கழுவுவோம். அதுக்கு நின்னுச்சுன்னா எல்லா வேனும் உங்களுக்குத்தான். அப்புறம் வருஷா வருஷம் மாத்துவேன். ஆனா பகல்ல வேலை நடக்கணும். சாயங்காலம் சாயங்காலமா ஒரு வண்டியை வெச்சுட்டு இருந்தா என் துணி எப்படிப் போகும்?"

அதான் சாக்கு. மறுநாளே குடோன் மேனேஜர்கிட்டப் போயி வேலையை விடறேன்னுட்டாரு.

மேனேஜர் நல்ல மனுஷன். "உனக்கு லீவே மலை மாதிரி கெடக்கு. ஒரு மாசம் லீவு எடு. நான் பேப்பரை மேல அனுப்பாம வெச்சுக்கறேன். மாசக் கடைசியில கூப்பிடுவேன். வர்றேன்னா வா. அதுக்கப்புறம் என் கையில இல்ல, வேற ஆள் போட்டுடுவாங்க"ன்னாரு.

லாண்டரி வேலைக்காக விடறேன்னு தெரு முழுக்க சொல்லிட்டு வந்தாரு. வீட்ல பொண்டாட்டி ஒண்ணும் பேசல. அவங்க பேசாம இருந்தா கணக்கு ஏதோ ஓடுதுன்னு அர்த்தம்.

லீவுல வீட்ல இருந்த முதல் நாள் காலையிலயே மகளோட கையிலேர்ந்து குழந்தையையும் எண்ணெய் பாட்டிலையும் வாங்கிக்கிட்டாரு. பாயில கால் ரெண்டையும் நீட்டி, மேல துணி விரிச்சு, பொட்டலத்தை அதுல போட்டு, உள்ளங்கையில எண்ணெயை ஊத்தி சூடு பறக்கத் தேச்சுட்டுத்தான் தொட்டாரு. நடுவுலேர்ந்து ஓரத்துக்கு.

"அப்பா, அது பம்பர் இல்ல"ன்னா மக.

"தெரியும்மா. ஆனா கை ஒண்ணுதானே."

பொட்டலத்துக்கு அது புடிச்சிருந்துச்சு. வேற யாரு தொட்டாலும் கத்துற புள்ள, இவரு தேச்சா மேல பார்த்துட்டு மெதுவா வாயை அசைக்கும். ஏதோ கொறை சொல்லி முடிச்சுட்டு அப்புறம் மன்னிச்ச மாதிரி. குளிச்சு முடிச்சதும் தோள்ல போட்டுட்டு ஒரு நடை. அது தூங்கினதும் இவரு குழாயடியில சோப்புப் போட்டுக் கை கழுவி, பக்கத்துக் கொடியில தொங்குற துண்டுல தொடச்சுட்டு நேரா ஷெட்டுக்கு. தெனமும் இப்படி. குடோனுக்குப் போற காலத்துல இந்த நேரம் அவரு பைப்பு நடுவுல நின்னுட்டு இருப்பாரு.

லாண்டரி வேனை ஆசையா பண்ணினாரு. வெள்ளை வேன் பச்சையாச்சு. கதவுல பெருசா பேரு. லாண்டரிக்காரம்மா சுத்தி வந்து பார்த்துட்டு, "மடிச்ச படுக்கை விரிப்பு மாதிரி இருக்கு"ன்னாங்க. அவங்க வாயில அதுக்கு மேல பாராட்டு கெடையாதாம்.

முதல்ல டிரைவிங் ஸ்கூல் கார் திரும்பி வந்துச்சு. கதவுக் கைப்பிடிகிட்ட ஓரம் தூக்கியிருந்துச்சு. அப்புறம் டாக்ஸி. அதுல பானட்டு முனையும் பின்பக்கமும். ரெண்டுமே லீவுல பண்ணின வண்டி. ஸ்டிக்கர்காரர் சாப்பிட உக்காந்த எடத்துலயும் உள்ளங்கையை விரிச்சு விரிச்சுப் பார்த்துக்குவாரு.

முதல் சந்தேகம் ரோல் மேல. ரோல் கடைக்காரர்கிட்டப் போயி, "உன் ரோலை நாய் மேல ஒட்டினாக்கூட நிக்காது"ன்னு பேசிட்டு வந்துட்டாரு. ரோல் கடைக்காரர், "இத்தனை வருஷமா இதே ரோலைத்தானே வாங்கிட்டுப் போனீங்க?"ன்னு கேட்டப்போ இவரு தெருவுல எறங்கிட்டாரு.

ரெண்டாவது சந்தேகம் மச்சான் மேல. ஷெட்டுக்குள்ள சிப்ஸ் தின்னக் கூடாதுன்னாரு. சரின்னாரு மச்சான். தலையில எண்ணெய் வெச்சுட்டு வரக் கூடாதுன்னாரு. அதுக்குத்தான் மச்சான் கொஞ்சம் யோசிச்சாரு.

"மாமா, எண்ணெய் வெக்கலேன்னா என் முடி எங்க இருக்கும்னு எனக்கே தெரியாது."

"எங்க வேணா இருக்கட்டும். ஃபிலிம்ல எண்ணெய் பட்டா பசை செத்துடும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். ஒரு சொட்டு போதும், ஒரு சொட்டு."

மச்சான் தலை அந்த மாசம் பூரா பழைய தொடப்பம் மாதிரி நின்னுச்சு. அப்பவும் ஓரம் தூக்கறது நிக்கல.

"சாயங்காலம் மட்டும் பார்த்தப்போ நல்லாத்தானே இருந்துச்சு"ன்னாங்க பொண்டாட்டி, அரிசி களைஞ்சுட்டே. "முழு நேரமும் பார்க்கறேன்னு உக்காந்ததும் இப்படி ஆகுது. பேசாம மேனேஜர்கிட்டப் போங்க. இன்னும் நாள் இருக்கு."

அவருக்கும் அதான் தோணிட்டு இருந்துச்சு. பாதி நேரம் பண்ணின கைக்கு முழு நேரம் பண்ணத் தெரியலையோ. அவசரப்படறோமோ. வயசாயிடுச்சோ. ஒட்டறப்போ எல்லாம் சரியாத்தான் தெரியுது. அதான் பயம்.

கடைசியில லாண்டரி வேனும் வந்துச்சு. லாண்டரிக்காரம்மாவே முன்சீட்டுல உக்காந்து வந்தாங்க. திட்டுவாங்கன்னு மச்சான் ஒரு ஓரமா நின்னுக்கிட்டாரு. அவங்க திட்டல. எறங்கி, கதவுகிட்டக் குனிஞ்சு, வெளிச்சத்துக்குச் சாய்ச்சுப் பார்த்தாங்க. கறை படிஞ்ச விரிப்பைப் பார்க்கற மாதிரி.

"மத்த எடமெல்லாம் கல்லு மாதிரி நிக்குது அண்ணே. இங்க, இங்க, அப்புறம் இங்க. இது மட்டும்தான் தூக்கியிருக்கு."

"ரோல் சரியில்லம்மா. கடைக்காரன்கிட்டச் சொல்லிட்டேன்."

"ரோல் கெட்டதுன்னா மொத்தமும்ல கெட்டுருக்கணும்?" அவங்க தூக்கியிருந்த எடத்துல தன்னோட கட்டைவிரலை வெச்சுப் பார்த்தாங்க. அவங்க விரல் கொஞ்சம் சின்னதா இருந்துச்சு. "உங்க விரலை வைங்க."

வெச்சாரு. அளவெடுத்துத் தச்ச மாதிரி பொருந்துச்சு.

மச்சான் ரெண்டு கையையும் தூக்கிட்டாரு. "ஓரத்தை நான் தொடறதே இல்லம்மா. தொட விடறதும் இல்ல."

லாண்டரிக்காரம்மா நிமிர்ந்தாங்க. இப்ப வேனைப் பார்க்கல, இவரு சட்டையைப் பார்த்தாங்க. "தோள்ல அது என்ன அண்ணே?"

"எது?"

"வட்டமா இருட்டா இருக்கே."

"தண்ணி பட்டிருக்கும்."

"தண்ணின்னா இந்நேரம் காஞ்சிருக்கும். எங்களுக்குப் பிரசவ வார்டு துணி வருது. எல்லாத்துலயும் இந்தக் கறைதான். எந்தப் பவுடருக்கும் அசையாது. கூடப் போட்ட துணிக்கெல்லாம் ஏறும். அதுக்குன்னே ஒரு மெஷினைத் தனியா வெச்சிருக்கேன்." வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாங்க. "வீட்ல கைக்குழந்தை இருக்கா?"

"பேத்தி."

"எண்ணெய் யாரு தேய்க்கறது?"

மச்சான் மெதுவா மாமா பக்கம் திரும்பினாரு.

"கை கழுவிட்டுத்தான் வர்றேன்"னாரு ஸ்டிக்கர்காரர். "சோப்புப் போட்டு. ரெண்டு தடவை."

"எதுல தொடைப்பீங்க?"

பதில் சொல்ல வாயைத் தொறந்தாரு. குழாயடி, கொடி, அதுல தொங்குற மெத்துனு இருக்கற மஞ்சள் துண்டு எல்லாம் வரிசையா கண்ணுக்குள்ள வந்துச்சு. குழந்தையைத் தேச்சு முடிச்சு, அதிகப்படி எண்ணெயை ஒத்தி எடுக்கற துண்டு. ரெண்டு கையையும் பின்னாடி மறைச்சுக்கிட்டாரு.

"என் தலையைப் பாருங்கம்மா"ன்னாரு மச்சான். "நல்லா பாருங்க. ஒரு சொட்டு போதும்னு சொல்லி ஒரு மாசமா என்னை இப்படி அலைய விட்டாரு. இவரு பாட்டிலோடவே வந்திருக்காரு."

லாண்டரிக்காரம்மா சிரிப்பை அடக்கிட்டு வியாபாரத்தைப் பேசினாங்க. "உரிச்சுட்டு மறுபடி ஒட்டிக் குடுங்க. ஒரு மாசம் கழுவிக் கழுவிப் பார்க்கறேன். நின்னா மத்த வேனை அனுப்பறேன். அதுக்கு முன்னாடி என்னால சொல்ல முடியாது, தப்பா நெனைக்காதீங்க."

தப்பா நெனைக்க ஒண்ணும் இல்ல. ஆனா மேனேஜர் கூப்பிடப் போறது இந்த வாரக் கடைசியில. வேன் நிக்குமா நிக்காதான்னு தெரியறதுக்குள்ள சொல்லியாகணும்.

அன்னிக்குச் சாப்பிடறப்போ பொண்டாட்டி விஷயத்தைக் கேட்டுட்டு, சிரிக்கல. "சரி, இனிமே எண்ணெய் நான் தேய்க்கறேன். நீங்க நேரா ஷெட்டுக்குப் போங்க. தீந்துச்சு."

அவரு தட்டைப் பார்த்துட்டே இருந்தாரு.

"முடியாதுல்ல?"ன்னாங்க. "எனக்குத் தெரியும். வேனுக்காக வேலையை விடறேன்னு தெருவுக்கெல்லாம் சொன்னீங்க. நான் நம்பலையே. காலையில அந்தப் புள்ளையோட கெடக்கணும்னுதான் விட்டீங்க."

அவரு ஆமான்னு தலையாட்டினாரு.

"மாப்பிள்ளை வீடு பார்த்துட்டாரு. இன்னும் ரெண்டு மூணு மாசம். கூட்டிட்டுப் போயிடுவாரு. அப்புறம் புள்ளையும் இருக்காது, வேலையும் இருக்காது. அப்போ என்ன பண்ணுவீங்க?"

"அதனாலதான்"னாரு.

"எதனால?"

"போயிடும்லம்மா. அதனாலதான் இப்போ."

அவங்க தட்டுல இன்னும் கொஞ்சம் சோறு போட்டாங்க. மேல பேசல. இந்தத் தடவை கணக்கு ஓடற மாதிரி தெரியல.

மறுநாள் ஸ்டிக்கர்காரர் மொத வேலையா ரோல் கடைக்குப் போனாரு. ரெண்டு ஜோடி கையுறை கேட்டாரு. வெள்ளை நூல் கையுறை.

"நாய்க்கா?"ன்னாரு ரோல் கடைக்காரர்.

"எனக்குத்தான். தப்பு என்னோடது. கையில எண்ணெய்."

கடைக்காரர் அதுக்கு மேல கிண்டல் பண்ணல. நல்லதா பார்த்து எடுத்துக் குடுத்தாரு. காசு மட்டும் முழுசா வாங்கிக்கிட்டாரு.

ஷெட்டுக்குன்னு ஒரு சட்டை, வீட்டுக்குன்னு ஒரு சட்டைன்னு ரெண்டாச்சு. ஷெட் வாசல்ல ஸ்பிரிட் பாட்டில். உள்ள நுழையறதுக்கு முன்னாடி முழங்கை வரைக்கும் தொடச்சு, கையுறை மாட்டி, அப்புறம்தான் ஃபிலிம். முதல் நாள் ஒரு கதவு முழுக்க வீணாச்சு. அவருக்கு ஒண்ணும் 'கேக்கல'. தகடு ஒரு பக்கம் போகுது, கை ஒரு பக்கம் போகுது. மச்சான் தலை வழிய எண்ணெய் வெச்சு, படிய வாரி, கையுறையும் மாட்டிட்டு வந்து பக்கத்துல நின்னாரு.

"எப்படி மாமா, காதுல பஞ்சு?"

"பேசாம நுனியைப் புடி."

மெல்ல மெல்லப் பழகுச்சு. காத்துக் குமிழைத் தொட்டுத் தெரிஞ்சுக்கறதை விட்டுட்டு, விளக்கைச் சாய்ச்சுக் கண்ணால பார்க்கக் கத்துக்கிட்டாரு. லாண்டரிக்காரம்மா கறையைப் பார்த்த மாதிரி. வேனும் மறுபடி ஒட்டி முடிஞ்சு லாண்டரிக்குப் போச்சு.

மாசக் கடைசி காலையில ஃபோன் அடிச்சப்போ அவரு பாயில கால் நீட்டி உக்காந்திருந்தாரு. பொட்டலம் முழங்காலுக்கு மேல. ரெண்டு கையிலயும் எண்ணெய். ஃபோன் ஜன்னல் திண்டுல கெடந்து கத்துது. பொண்டாட்டி எடுத்துப் பேரைப் பார்த்தாங்க.

"மேனேஜர்."

அவரு கையைத் தூக்கிக் காட்டினாரு. அவங்க நினைச்சிருந்தா, தானே பேசியிருக்கலாம். 'வந்துடுவாரு சார்'னு ஒரு வார்த்தை போதும். அப்படிச் சொல்லிடலாம்னு நெனச்சதா அப்புறம் மககிட்டச் சொன்னாங்க. ஆனா ஃபோனைக் கொண்டு வந்து அவரு காதுல வெச்சுப் புடிச்சுக்கிட்டாங்க.

"என்னப்பா, என்ன முடிவு?"ன்னு மேனேஜர் கேட்டது அவங்களுக்கும் கேட்டுச்சு.

"வரல சார்."

"வேலை நல்லா போகுதா?"

"தெரியல சார். இனிமேதான் தெரியும்."

"பின்னாடி என்ன சத்தம்?"னாரு மேனேஜர்.

"பேத்தி சார். பாதியில நிறுத்திட்டேன், அதுக்குக் கோவம்."

"சரி, அதைப் பாரு"ன்னு வெச்சுட்டாரு.

பொண்டாட்டி ஃபோனைப் புடவையில தொடச்சு வெச்சுட்டு, "சாப்பிட வாங்க, ஆறிடும்"னுட்டு உள்ள போனாங்க.

ரெண்டு தடவை பலமா மழை பேஞ்சுச்சு. டிரைவிங் ஸ்கூல் காரையும் டாக்ஸியையும் திருப்பி வாங்கித் தூக்கின எடத்தை மட்டும் மாத்திக் குடுத்தாரு. வேற வேலை சில்லறையா வந்துச்சு, சில நாள் வரவும் இல்ல. வராத நாள்ல மச்சான் ஷெட்டைக் கூட்டினாரு, கூட்டினதையே மறுபடி கூட்டினாரு. பொட்டலம் குப்புற விழுந்துச்சு. அதை இவரு செய்தியா கேக்கல. பக்கத்துல உக்காந்து பார்த்தாரு. பார்த்துட்டுத் தெருவுக்கே போயி சொல்லிட்டு வந்தாரு.

ஒரு நாள் மத்தியானம் அந்தப் பச்சை வேன் வாசல்ல வந்து நின்னுச்சு. லாண்டரிக்காரம்மா எறங்கல. இவரே சுத்தி வந்து ஒவ்வொரு ஓரமா குனிஞ்சு பார்த்தாரு. கைப்பிடி, கதவு முனை, பின்பக்கம். எல்லாம் படுத்த எடத்துல படுத்திருந்துச்சு. பின்னாடியே இன்னொரு வேன், வெள்ளையா, அழுக்கா.

"தெனம் பீச்சியடிச்சோம் அண்ணே. அசையல"ன்னாங்க ஜன்னல் வழியா. அப்பத்தான் அவரு போட்டிருந்ததைப் பார்த்தாங்க. சாப்பிட வந்தவரு அப்படியே ஓடி வந்திருக்காரு, வீட்டுச் சட்டையோட. தோள்ல கறை முன்ன விட அகலமாயிருந்துச்சு. "அதைக் கழட்டிக் குடுங்க. வார்டுத் துணியோட போட்டு எடுத்துத் தர்றேன். என் மெஷின்ல போயிடும்."

அவரு தோளைத் திருப்பி ஒரு தடவை பார்த்துக்கிட்டாரு.

"வேணாம்மா. இது வேலைக்குப் போடற சட்டை இல்ல."

அவங்க சரின்னு தலையாட்டிட்டு, வெள்ளை வேனோட சாவியை வெளிய நீட்டினாங்க. அவரு கை பாதி தூரம் போயி நின்னுச்சு, இப்பத்தான் பொட்டலத்தைத் தூக்கிட்டு இருந்த கை.

"மச்சான், நீ வாங்கிக்க"ன்னாரு.